சொக்கநாதர் சிவன்தானே, தொம்மலூரில் மட்டும் எப்படி பெருமாள்?

பெங்களூரு தொம்மலூரில் இருக்கும் சொக்கநாதசுவாமி கோயில், நகரின் மிகப் பழைய கோயில்களில் ஒன்று. சொக்கநாதர் என்றதும் நமக்கு மதுரை மீனாட்சியின் கணவர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் இங்கே கருவறையில் இருப்பவர் பெருமாள். இந்தக் குழப்பத்துக்கான விடை பெயருக்குள்ளேயே இருக்கிறது.

பெயரின் பொருள் என்ன?

'பார்த்ததும் சொக்கிப் போயிட்டேன்' என்கிறோமே, 'சொக்குப்பொடி போட்டுட்டாங்க' என்கிறோமே, அதே சொல்தான் இது. சொக்கு என்றால் மயக்கும் அழகு. சொக்கன் என்றால் அழகன். மதுரை இறைவனின் வடமொழிப் பெயரான சுந்தரேசுவரருக்கும் இதே பொருள்தான். அதே மதுரைக்குப் பக்கத்தில், அழகர்கோவிலில் பெருமாளுக்குப் பெயர் அழகர். ஆக, சிவனோ பெருமாளோ, அழகாக இருப்பவர் எல்லாருமே சொக்கன்தான்.

கல்வெட்டு என்ன சொல்கிறது?

தொம்மலூர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் இறைவனைச் 'சொக்கப்பெருமாள்' என்றே குறிப்பிடுகின்றன. ஊருக்கு அப்போது தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என இரண்டு பெயர்கள். 1270-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இரண்டு கதவு நிலைகளைக் கொடுத்தவர் பெயர் அழகியார். சாமிக்கும் கொடையாளருக்கும் ஒரே பொருளில் பெயர்! 1290-இல் போசள மன்னன் வீர ராமநாதன் ஊர் வருவாயிலிருந்து கொடை தந்திருக்கிறார். விஜயநகர இரண்டாம் தேவராயர் காலக் கொடைகளும் பதிவாகியுள்ளன. ஐ.டி. நிறுவனங்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே தமிழ் புழங்கியதற்கு இந்தக் கற்களே சாட்சி.

இந்தப் பெயரில் யார் யார்?

- சொக்கநாத நாயக்கர்: மதுரையை 1659 முதல் 1682 வரை ஆண்டவர். தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். ராணி மங்கம்மாளின் கணவர்.
- விஜயரங்க சொக்கநாதர்: அவர்களின் பேரன். 1706 முதல் 1732 வரை ஆட்சி.
- டி.எஸ். சொக்கலிங்கம்: 1934-இல் தொடங்கிய தினமணியின் முதல் ஆசிரியர்.
- சொக்கலிங்க பாகவதர்: பாலு மகேந்திராவின் 'வீடு' படத்துத் தாத்தா.
- சொக்கன்: யாழ்ப்பாண எழுத்தாளர் க. சொக்கலிங்கத்தின் புனைபெயர்.

தேடும்போது ஏன் சிக்கல்?

தமிழில் 'சொ' என ஒரே எழுத்து. ஆங்கிலத்திலோ சிலர் 'சி-எச்' போட்டுத் தொடங்குவார்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கைப் பதிவுகளில் 'எஸ்' வைத்தும் வரும். நடுவில் வரும் 'க்க'வுக்கு 'கே-கே'யா 'சி-கே'யா என்பது தனிக் கதை. கணினிக்கு இவர்கள் எல்லாரும் வேறு வேறு ஆட்கள். தாத்தாவின் பழைய பத்திரத்தையோ கப்பல் பயணப் பதிவையோ தேடுகிறீர்களா? எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். 'பதிவு இல்லை' என்று திரை சொன்னாலும், அடுத்த எழுத்துக்கூட்டலில் அவர் இருக்கக்கூடும்.