இரண்டு கேஷ், ஒரு காசு

தமிழ்க் காசுதான் ஆங்கிலத்துக்குப் போய் ‘கேஷ்’ ஆயிற்று என்று மேடையில் சொன்னால் கைதட்டல் உறுதி. அதில் பாதிதான் உண்மை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் உண்டு. இரண்டுக்கும் வேர் வேறு.

கடையில் நாம் நீட்டுகிற கேஷ், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலமான லத்தீன் ‘காப்சா’வுக்குப் பெட்டி என்று பொருள். நம் ஊர்க் கல்லாப்பெட்டி மாதிரி. பெட்டியின் பெயர் நாளடைவில் உள்ளே கிடந்த பணத்துக்கு ஆகிவந்தது. கேஷியரைக் ‘காசாளர்’ ஆக்கியவருக்கு ஒலி கைகொடுத்தது. வேர்ப்படி அவர் பெட்டியாளர்!

இன்னொரு கேஷ் நம்முடையது. தஞ்சைப் பெரிய கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்றதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன: காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அன்று காசு சில்லறை அல்ல. போர்த்துகீசியர் வந்த காலத்தில் அது செப்புச் சல்லியாக இறங்கியிருந்தது. அவர்கள் வாயில் அது ‘காய்ஷா’. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர்தான் என்பது வேடிக்கை. ஆங்கிலேயர் அதைக் ‘கேஷ்’ ஆக்கி, நடுவே சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்துக்கும் சூட்டிவிட்டார்கள். நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள்.

கம்பெனி காலச் சென்னையில் 80 காசு ஒரு ‘பணம்’. 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது வராகனுக்கு 3,360 காசு. கணக்குப்பிள்ளைகள் பாவம்.

இந்தச் சில்லறைக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803இலும் 1808இலும் பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில் செப்புக்காசு அடிக்க வைத்தது. இருபது காசு நாணயத்தின் ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம். மறுபக்கம், இருபது காசு நான்கு ஃபலூஸுக்குச் சமம் என்று பாரசீகத்தில் பொறிப்பு. அந்த வாசகத்தில் ‘காஸ்’ என்று நிற்பது நம் காசுதான். சென்னைக்கு அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகள் குவியல் குவியலாக மீட்கப்பட்டன.

1818இல் வெள்ளி ரூபாய் வந்ததும் சென்னையில் காசுக் கணக்கு முடிந்தது. திருவிதாங்கூர் விடவில்லை, 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று 1940கள் வரை அங்கே காசு புழங்கியது.