தொட்டும் தட்டியும் கேட்டும்: எல்லைத் தமிழரும் உடற்பரிசோதனைச் சொற்களும்

உடற்பரிசோதனையில் பாதி வேலையை மருத்துவரின் கை செய்கிறது. மறுபாதி நோயாளியின் வாயிலிருந்து வரவேண்டும். வயிற்றை அமுக்கும் விரல் "இங்கே வலிக்கிறதா?" என்று கேட்டாக வேண்டும், அதற்கு வரும் பதில் புரிந்தும் ஆகவேண்டும். கேரளத்தில் பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பகுதிகளிலும், இடுக்கியின் மூணாறு, மறையூர், வட்டவடை, பீருமேடு பகுதிகளிலும் வாழும் தமிழருக்கு இந்த மறுபாதிதான் தடுமாறுகிறது. பரிசோதனைக்கான சொற்கள் தமிழில் இல்லாததால் வந்த தடுமாற்றம் அன்று இது. அச்சொற்கள் எப்படி உருவாயின, எங்கே அறுபட்டன என்பதைப் பார்க்க வேண்டும்.

சித்த மருத்துவம் நோயறிதலை எண்வகைத் தேர்வாக வகுத்தது: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இவற்றுள் 'மொழி' என்பது நோயாளியின் குரலும் பேச்சும். நோயாளி பேசுவதையே ஒரு தேர்வாக நம் முன்னோர் வைத்திருந்தனர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீரைப் பார்ப்பதற்கு நீர்க்குறி, நெய்க்குறி என இரண்டு முறைகள் இருந்தன. சித்தர் தேரையர் பெயரால் இவை வழங்குகின்றன. விடியற்காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விடுவார்கள். அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம்.

நாடி பிடிப்பதில் எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் தெரிகிறது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, ஆள்காட்டி விரலில் வாதத்தையும் நடுவிரலில் பித்தத்தையும் மோதிர விரலில் கபத்தையும் உணர்வது சித்தம், ஆயுர்வேதம் இரண்டுக்கும் பொது. துடிப்பின் போக்கை விலங்குகளின் நடையால் சொல்வதும் பொது. ஆனால் நடைகள் மாறுகின்றன. சித்த நூல்கள் வாத நாடியை அன்னம், கோழி, மயில் நடை என்கின்றன. கப நாடியைத் தவளை, பாம்பு நடை என்கின்றன. ஆயுர்வேதத்தின் சார்ங்கதர சம்ஹிதையோ பாம்பையும் அட்டையையும் வாதத்துக்குத் தந்து, அன்னத்தையும் புறாவையும் கபத்துக்கு வைக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் ஒரு பக்கம் சித்த வைத்தியம் வேரூன்றியது, மறுபக்கம் ஆயுர்வேதம். 'அன்ன நடை' என்ற ஒரே சொல் கணவாயின் இரு பக்கமும் எதிரெதிர் நோயைக் குறித்தது. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே என்று நம்ப முடியாது. இது பின்னால் வேறு வடிவில் திரும்ப வருகிறது.

மேலை மருத்துவத்தில் உடற்பரிசோதனை இன்றைய வடிவம் பெற்றது 18, 19ஆம் நூற்றாண்டுகளில். மார்பைத் தட்டி ஒலி கேட்கும் முறையை வியன்னாவின் அவுன்புருக்கர் 1761இல் வெளியிட்டார். பாரிசில் லென்னெக் 1816இல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்து 1819இல் அதைப் பற்றி நூல் எழுதினார். பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது என்ற நான்கு படிகள் மருத்துவக் கல்வியில் நிலைபெற்றன.

இந்த அறிவு தமிழுக்கு வந்த முதல் பெருவழி யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் இலங்கை வந்து, மானிப்பாயில் மருத்துவமும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். 1860களில் வகுப்பைத் தமிழுக்கே மாற்றினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்களே கிராமத்தில் தங்குவார்கள் என்பது அவர் கணக்கு. டான்போர்த், சாப்மன் போன்ற தம் தமிழ் மாணவர்களுடன் சேர்ந்து 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' ஆகிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். இவற்றுள் 'வைத்தியாகரம்' ஹூப்பரின் மருத்துவர் கையேட்டின் தமிழாக்கம். நோய்க்குறி அறியும் பகுதி அதில் இருந்ததால் நம் பொருளுக்கு அதுவே நெருக்கமானது. வழக்கில் உள்ள சொல்லை முதலில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழிக்குப் போ, அதுவும் இல்லையேல் ஆங்கில ஒலியை எழுது என்பது அவர் கொண்ட முறை. பிற்காலக் கலைச்சொல் குழுக்கள் பலவற்றைவிட இது நேர்மையான முறை என்பேன்.

அந்த வேலை கடல் கடந்து எல்லை மலைகளை எட்டவில்லை. கிரீன் நாடு திரும்பியபின் தமிழ் வகுப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. அங்கே பயின்றவர்கள் 'பால்பேஷன்' என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். நோயாளியிடம் "கொஞ்சம் தொட்டுப் பார்க்கிறேன்" என்றார்கள். சொல் இரண்டாகப் பிரிந்தாலும், மருத்துவருக்கும் தமிழ் தெரிந்திருந்த வரை சிக்கல் இல்லை.

மூணாற்றில் நிலைமை தனி. 1877இல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து பெற்ற மலைநிலத்தில் தேயிலை வளர்ந்தது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது. தொழிலாளர்கள் பெரும்பாலும் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து மலையேறி வந்தவர்கள். தோட்டத்தின் வேலை மொழி தமிழ். இலங்கைத் தோட்டங்களில் வெள்ளைக்காரச் சின்னத்துரைகள் 'இங்கே வா' என்ற கையேட்டை வைத்துத் தமிழ் கற்றார்கள். வேலை வாங்க மொழி தேவை என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியது. அது எந்த மொழியில் நடக்க வேண்டும் என்பது சட்டம் பேசிய பொருளன்று.

மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1 தான் முறிவு. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த சித்தூர், தேவிகுளம், பீருமேடும் கேரளமாயின. தமிழ் நோயாளிக்கு எதிரே மலையாளம் மட்டும் தெரிந்த மருத்துவர் அமர்வது அதன்பின் வழக்கமானது.

தமிழும் மலையாளமும் அக்கா தங்கை மொழிகள், புரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. பல சொற்கள் உண்மையிலேயே கைகொடுக்கின்றன: "சொகமில்லை" என்றால் இருவருக்கும் புரியும், கொங்குத் தமிழர் உடம்பை 'மேல்' என்பதும் மலையாளிக்குப் புரியும், நெஞ்செரிச்சல் இரண்டிலும் ஒன்றே. ஆபத்து வருவது ஒலி ஒத்துப் பொருள் மாறும் இடங்களில். "ஸ்வாசம் வலிக்கூ" என்று மருத்துவர் மூச்சை இழுக்கச் சொல்கிறார். தமிழ்ச் செவியில் 'வலி' விழுகிறது. மலையாளத்தில் 'வலிவு' மூச்சிரைப்பு. தமிழில் அது வலிமை, 'வலிப்பு' என்றால் வேறொரு நோய். "சோதன உண்டோ?" என்பது மலம் கழிந்ததா என்ற கேள்வி, நோயாளி இரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டுகிறார். 'பனி' மலையாளத்தில் காய்ச்சல், மார்கழியில் உறைபனி விழும் மூணாற்றில் "பனி உண்டோ?" என்றால் வயதானவர் தலையாட்டிவிடுவார். 'ஜன்னி' தமிழில் காய்ச்சல் முற்றிய பிதற்றல், மலையாளத்தில் வலிப்பு. மலையாளத்தின் 'நடுவேதன' தமிழருக்கு இடுப்பு வலி.

வலியைப் பிரித்துச் சொல்லும் சொற்களில் இழப்பு இன்னும் பெரிது. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், "விண்ணு விண்ணுனு தெறிக்குது", "கவ்விப் பிடிக்குது" ஒவ்வொன்றும் தனிக் குறி. விண்ணென்று தெறிப்பது சீழ் பிடித்ததைச் சுட்டலாம். நெஞ்சைக் கவ்விப் பிடிப்பது இதயத்தைச் சுட்டலாம். எல்லாமே 'வேதன' என்று குறிப்பேட்டில் ஏறும்போது நோயாளி கொண்டுவந்த தடயம் மேசையிலேயே தொலைகிறது.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் பதில் பெறவும் உரிமை தருகிறது. அது கடிதத்துக்கான உரிமை. பரிசோதனை அறையில் நடப்பது பேச்சு.

பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரி 2014இல் தொடங்கியது. அதே ஆண்டு தொடங்கி இடையில் நின்ற இடுக்கி மருத்துவக் கல்லூரி 2022இல் மீண்டும் மாணவர்களைச் சேர்த்தது. இரண்டும் தமிழர் வாழும் மாவட்டங்களில் உள்ளவை. மூச்சை இழுத்து விடச் சொல்வது, நாக்கை நீட்டச் சொல்வது, எங்கே எப்படி வலிக்கிறது என்று கேட்பது என முப்பது தமிழ் வாக்கியங்களும், மேலே சொன்ன வலிச் சொற்களின் பட்டியலும் மலையாள எழுத்தில் ஒரே தாளில் அடங்கும். சித்தூரின் கொங்குத் தமிழுக்கும் மூணாற்றின் தென்தமிழுக்கும் தனித்தனிப் பட்டியல் வேண்டும். இரு கல்லூரிகளும் இதைத் தம் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். எல்லைப் பகுதித் தமிழ் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற செவிலியர்களும் அந்தப் பட்டியலைத் தொகுத்துத் தர முன்வர வேண்டும்.