கட்டுத்தறியில் கிடந்த புல்லட்

எடைக்குப் போட்டா 4,500 ரூபாய் தர்றேன்னு பழைய இரும்புக்காரர் சொன்னாருங்க. பையனும், "குடுத்துருங்கப்பா, எடமாவது மிச்சம்"னான். கட்டுத்தறி மூலையில கிழிஞ்ச தார்ப்பாய் போட்டு, அதுமேல சோளத்தட்டு அடுக்கி, இருபது வருசமாக் கிடந்த வண்டி. எங்கய்யனோட 1973 மாடல் புல்லட். (எங்க பக்கம் அப்பாவை ஐயன்னுதான் சொல்லுவோம்.)

1981-ல ஒரு அரிசி மில்காரர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினார். பால் கேன், உர மூட்டை, பிரசவ வலி எடுத்த எங்க சின்னம்மா, எல்லாத்தையும் அது சுமந்திருக்கு. 2003 வறட்சியில கிணறு வத்தினப்ப பெட்ரோலுக்குக் காசில்லைன்னு நிறுத்தினவர், மறுபடி எடுக்கவே இல்லை. 2006-ல அவரும் போயிட்டார்.

டவுன்ல இருக்கிற பழைய மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். எழுபதைத் தாண்டினவர். சுத்திப் பார்த்துட்டு, "சாமான் பூரா கிடைக்கும், இருபதாயிரத்துக்குள்ள ஓட வைக்கலாம்"னார். எனக்கு நம்பிக்கை வரலை. என் பையனோட பத்து வருசத்துக்கு முந்தின பைக்குக்கே ஒரு பிளாஸ்டிக் மூடி கிடைக்காம அலைஞ்சோம். அம்பது வருச வண்டிக்கு எப்படிக் கிடைக்கும்?

அதுக்குப் பதில் திருவொற்றியூர்ல இருக்குதுங்க.

புல்லட்டுங்கிற பேரு இங்கிலாந்துல ரெட்டிச்ங்கிற ஊர்ல 1932-ல வந்தது. நாம பார்க்கிற உருவம், பின்னாடி ஷாக் அப்சார்பர் வச்ச 350, 1949-ல விற்பனைக்கு வந்தது. நம்ம ராணுவத்துக்கு எல்லையில ரோந்து போக வண்டி வேணும்னு 1950களோட தொடக்கத்துல புல்லட்டுக்கு ஆர்டர் போட்டாங்க. இங்க அதை எடுத்துச் செஞ்சது மெட்ராஸ் மோட்டார்ஸ். அந்த ஆர்டரை வச்சு 1955-ல ரெண்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியான்னு ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல ஃபேக்டரி போட்டாங்க. முதல்ல அங்கிருந்து வந்த பாகங்களை இங்க பூட்டுற வேலை மட்டும்தான். 1957-ல அச்சு, டூல் எல்லாம் இங்கயே வந்து சேர்ந்தது. 1962 வாக்குல எல்லாப் பாகமும் இங்கயே தயாராக ஆரம்பிச்சது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இங்கிலாந்துக்காரங்க புது மாடல், புது மாடல்னு போனாங்க. ஜப்பான் வண்டிகளோட போட்டி போட முடியலை. 1967-ல ரெட்டிச் ஃபேக்டரியை மூடிட்டாங்க; கொஞ்ச வருசத்துல கம்பெனியே இல்லாமப் போச்சு. இங்க அதே அச்சு, அதே எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்தது. 1977-ல இங்க செஞ்ச புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ணினாங்க! பேரனைப் பார்த்துத் தாத்தாவை ஞாபகப்படுத்திக்கிற மாதிரி அங்க வாங்கியிருப்பாங்கபோல.

நம்ம கம்பெனி ரொம்பப் புத்திசாலித்தனமா மாத்தாம விட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். லைசென்ஸ், பர்மிட் காலம். கொண்டுவர்றதுக்கே கட்டுப்பாடு, வாங்க வேற வண்டியும் அதிகமில்லை. மாத்த வேண்டிய அவசியமே வரலை. ஆனா அந்தச் சோம்பேறித்தனம்தான் என்னை மாதிரி ஆளுக்கு லாபமாப் போச்சு. அந்த இரும்பு வார்ப்பு எஞ்சின் 2010 வாக்குல வரைக்கும் வந்துக்கிட்டிருந்தது. அதனால 1973 வண்டிக்கு 1995-ல செஞ்ச சாமான் பலது அப்படியே உட்காருது. கோயமுத்தூர்ல பழைய உதிரிபாகக் கடைக்குப் போனா பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் எடுத்துப் போடுறாங்க.

வேலைக்கு வர்றேன். முதல்ல சைலென்சர்ல குளவிக்கூடு, ஏர் ஃபில்டர்ல எலிக்கூடு. பிளக்கைக் கழட்டி, மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள்ள ஊத்தி எட்டு நாள் விட்டோம். தினமும் காலையில பால் கறந்துட்டு வந்து கிக்கரை மெதுவாக் கையால அமுத்திப் பார்ப்பேன். ஏழு நாளும் பாறை மாதிரி நின்னது. எட்டாவது நாள் ஒரு விரக்கடை இறங்குச்சு. அன்னைக்குத்தான் இரும்புக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொன்னேன்.

டேங்க் உள்ள பூரா துரு. கடையில அதுக்குன்னு திரவம் விக்கிறாங்களாம். நான் வீட்டுப் பழம்புளியைக் கரைச்சு ஊத்தி, ரெண்டு கை சல்லிக்கல்லு போட்டு, ரெண்டு பேரா பிடிச்சு ஆட்டினோம். குத்துவிளக்கு தேய்க்கிற அதே சங்கதிதான். மூணு தடவைக்கு அப்புறம் வெள்ளை வந்தது. கடைசியா டீசல்ல அலசிக் காய வச்சோம்.

சிலிண்டரை லேத்துல குடுத்து போர் பண்ணி அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டோம். இதுல 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் ஓட்டம். அகலத்தைவிட ஓட்டம் நீளம். அதனாலதான் நிதானமா, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக் கேட்கிறது. கிணத்து மேட்டு டீசல் எஞ்சின் சத்தத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். 1990கள்ல டீசல் எஞ்சின் வச்சே ஒரு புல்லட் வந்தது, பார்த்திருப்பீங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை பாயிண்ட் செட் பண்றது. சின்னதா ரெண்டு உலோகப் பொட்டு. அது ஒட்டி விலகுற அந்த நொடியிலதான் பிளக்குல பொறி விழும். இடைவெளி பதினஞ்சு தவ், அதாவது ஒரு அங்குலத்தை ஆயிரமாக் கூறு போட்டு அதுல பதினஞ்சு பங்கு. உப்புத்தாள்ல லேசாத் தேய்ச்சு, கண்டென்சர் மாத்தி, தகடு விட்டு அளக்கணும். அண்ணனுக்கு இப்ப கை நடுங்குது. "நீயே வையி, நான் சொல்றேன்"னார். அவர் பட்டறையில வேலை கத்துக்க இப்ப ஒரு பையனும் இல்லை. வர்ற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் வயர் சொருகிப் பார்க்கிற வண்டி. ஆறு தடவை தப்பா வச்சேன். ஏழாவது தடவை சரின்னார்.

டயர், ஆறு வோல்ட் பேட்டரி, கிளட்ச் பிளேட், கேபிள், அவர் கூலி எல்லாம் சேர்த்து 15,900 ஆச்சு. பெயின்ட் அடிக்கலை. ஐயன் உட்கார்ந்து தேஞ்ச சீட்டும் அப்படியே இருக்கு.

ஸ்டார்ட் பண்றதுக்கு ஒரு முறை உண்டு. சும்மா மிதிச்சா திருப்பி அடிச்சுக் காலை உடைச்சிரும். கிக்கரை மெதுவா இறக்கினா ஹெட்லைட் மேல இருக்கிற ஆம்பியர் மீட்டர் முள்ளு ஆடி, நடுவுல வந்து நிக்கும். அப்ப டீகம்ப்ரசரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுட்டு, ஒரே மிதி. ஐயன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இதைச் செய்யறதைச் சின்ன வயசுல நூறு தடவை பார்த்திருக்கேன். முள்ளை எதுக்கு அவர் பார்க்கிறாருன்னு இப்பத்தான் புரிஞ்சது.

நாலாவது மிதியில பிடிச்சது. கண்ணு கலங்கி நின்னேன்னு வைங்க. அம்மா உள்ள இருந்து, "சத்தத்தக் கொறடா, மாடு மெரளுது"ன்னாங்க.

காகிதம்தான் தனிச் செலவு. ஆர்.சி. புதுப்பிக்க, வரி, இன்சூரன்ஸ்னு அலைஞ்சேன். அம்பது வருசம் தாண்டின வண்டியை வின்டேஜ்னு பதிய 2021-ல ஒரு சட்டம் வந்திருக்கு. புதுசாப் பதிய கட்டணம் 20,000. ஆனா அப்படிப் பதிஞ்சா அன்றாடம் ரோட்டுல ஓட்டக் கூடாது; கண்காட்சி, ஊர்வலத்துக்குத்தான். பால் சொசைட்டிக்குப் போற வண்டிக்கு அது எதுக்குன்னு சாதாரணமாவே புதுப்பிச்சேன்.

சத்தம் கேட்டு கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் வந்து பார்த்துட்டு 80,000 தர்றேங்கிறார். போன வாரமும் போன் பண்ணினார். அன்னைக்கு எடைக்குப் போடச் சொன்ன பையன்தான் இப்ப விக்க வேண்டாங்கறான். தினமும் சாயங்காலம் அவன்தான் பால் கேனைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போறான். கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். ரெண்டு தடவை வேலியில விட்டான், இப்ப பழகிட்டான். ஜூன்ல அவனுக்கே காலேஜ் ஃபீஸ் கட்டணும். அதுவரைக்கும் யோசிக்கலாம்னு இருக்கேன். வண்டிக்கு அடியில சொட்டுற ஆயிலுக்கு ஒரு பழைய தட்டை வச்சிருக்கு.