முதல் சர்வீஸ் பேக் வரட்டும்

"புது விண்டோஸ் வந்திருக்காமே, போட்டுடலாமா?" என்று யாராவது கேட்டால், புனேயில் எங்கள் தமிழ் வட்டத்தில் பல வருஷம் பதில் ஒன்றாகத்தான் இருந்தது. "அவசரப்படாதீங்க, முதல் சர்வீஸ் பேக் வரட்டும்." என்னைப் போல் பொட்டி தட்டிப் பிழைக்கிறவர்கள் மட்டுமில்லை, வங்கியில் இருப்பவர், கல்லூரியில் பாடம் எடுப்பவர், கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மாமா வரைக்கும் எல்லோரும் இதைச் சொல்வார்கள். அமாவாசையில் பயணம் கிளம்பலாமா, அஷ்டமியில் ஆரம்பிக்கலாமா என்பது மாதிரி இதுவும் ஒரு சாஸ்திரம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றது. அதற்கு முன்னும் பின்னும் பல பேர் என்னிடம் கேட்டார்கள். "ஊர்ல அப்பா அம்மா வச்சிருக்கிற பொட்டிய என்ன பண்றது? புதுசு போட்டா எல்லாம் வேலை செய்யுமா?" பழைய பதில் இப்போது செல்லாது. ஏன் செல்லாது என்று சொல்வதற்கு முன், அந்த சாஸ்திரம் எப்படி வந்தது என்ற கதையைச் சொல்லவேண்டும்.

மேடையிலேயே விழுந்தது

விண்டோஸ் 95 வந்தது 1995 ஆகஸ்ட் 24. பார்க்கப் புதுசாக இருந்தாலும் அடியில் பழைய டாஸ்தான் அஸ்திவாரம். டாஸுக்கு எழுதின பழைய புரோகிராம் எல்லாம் ஓடவேண்டும் என்பதற்காக, ஒரு புரோகிராமுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் முழுச் சுவர் எழுப்பாமல் விட்டார்கள். அதனால் ஒரு புரோகிராம் தப்பு செய்தால் அது மட்டும் விழாது, வீட்டையே சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். சுவர் வைத்துக் கட்டிய விண்டோஸ் என்.டி. 1993லேயே வந்துவிட்டது. ஆனால் அது அலுவலகங்களுக்கானது. வீட்டுக்குக் கிடைத்தது சுவர் இல்லாததுதான்.

அடுத்தது விண்டோஸ் 98. 1998 ஏப்ரல் 20, சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். யு.எஸ்.பி.யில் ஒரு ஸ்கேனரைச் சொருகினால் விண்டோஸே அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று காட்ட வந்தார் உதவியாளர். சொருகினார். பெரிய திரை முழுக்க நீலம்! கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போல என்று கேட்ஸ் சமாளித்தார். இரண்டே மாதத்தில், ஜூன் 25 அன்று, விற்பனைக்கு வந்துவிட்டது.

இதைவிட எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. விண்டோஸ் 95, 98 இரண்டிலும், இயந்திரம் ஓட ஆரம்பித்து எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று எண்ணும் ஒரு கணக்கு இருந்தது. அதற்கு ஒதுக்கிய இடம் 32 பிட். சுமார் 429 கோடி வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். நாள் கணக்கில் 49.7. அதாவது நிறுத்தாமல் ஐம்பது நாள் ஓடவிட்டால் பொட்டி உறைந்துவிடும். இந்த ஓட்டை வெளியே தெரிந்தது 1999இல். நாலு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. படாததற்குக் காரணம் எல்லோரும் சொல்லிச் சிரித்ததுதான்: ஐம்பது நாள் விழாமல் ஓடின விண்டோஸ் 95 யார் வீட்டில் இருந்தது?

சாவி வைத்திருக்கும் ஆள்

சிகாகோவில் விழுந்தது ஒரு ஸ்கேனரைச் சொருகியபோது. இந்தக் கதை முழுக்க வரப்போகிற ஆள் அங்கேயே தலைகாட்டிவிட்டார். அவர் பெயர் டிரைவர். பிரிண்டர், ஸ்கேனர், மோடம், டிஸ்ப்ளே கார்டு ஒவ்வொன்றுக்கும் விண்டோஸோடு பேச ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், அதுதான் டிரைவர். அதை எழுதுவது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் இல்லை, அந்தக் கருவியைச் செய்தவர்.

நாம் ஓட்டும் சாதாரண புரோகிராம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. டிரைவர் அப்படியில்லை. அவரிடம் வீட்டுச் சாவி இருக்கும், பூஜை அறை, நகைப் பெட்டி எல்லா இடத்துக்கும் போய் வருவார். என்.டி. மாதிரி சுவர் வைத்துக் கட்டிய வீட்டிலும் பல டிரைவர்களுக்குச் சாவி உண்டு. அவர் தடுக்கி விழுந்தால் விளக்கு அணைந்துவிடும்.

நம் ஊரில் இது இன்னும் அதிகம். பிராண்டட் பொட்டி வாங்க வசதி இல்லாமல் அசெம்பிள் பண்ணின பொட்டிதான் பெரும்பாலான வீட்டில். மதர்போர்டு ஒருத்தர், மோடம் ஒருத்தர், சவுண்ட் கார்டு இன்னொருத்தர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிடி. புது விண்டோஸ் வந்தால் அந்தப் பழைய சிடிகளில் பாதி உதவாது. அந்தக் கருவியைச் செய்தவருக்கோ அதை விற்று முடித்தாயிற்று, புதிதாக டிரைவர் எழுதித்தர அக்கறை இல்லை. நாம் திட்டுவது விண்டோஸை.

வெறும் திட்டு இல்லை இது, கணக்கும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போது பதிவான கோளாறுகளில் 85 சதவீதம் டிரைவர்களால் வந்தவை என்று 2003இல் வந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை சொன்னது.

மீ, 2000, எக்ஸ்பி

2000ஆம் வருஷம் இரண்டு விண்டோஸ் வந்தன. பிப்ரவரி 17 அன்று என்.டி. வழியில் வந்த விண்டோஸ் 2000. அது வரும் நேரத்திலேயே, உள்ளே 63,000க்கும் மேல் குறைகள் இருக்கலாம் என்று சொன்ன கம்பெனியின் உள்குறிப்பு ஒன்று பத்திரிகைக்குக் கசிந்தது. அவ்வளவும் ஓட்டை இல்லை, "இப்படி இருந்தால் நன்றாயிருக்கும்" என்ற ஆசைகளும் அதில் சேர்த்தி என்று விளக்கினார்கள். ஆனாலும் பெயர் கெட்டது. வேடிக்கை என்னவென்றால், அது நல்ல கட்டுமானம், வருஷக்கணக்கில் உழைத்தது.

செப்டம்பர் 14 அன்று வந்தது விண்டோஸ் மீ. டாஸ் வழியில் வந்த கடைசி வாரிசு. பிசி வேர்ல்டு பத்திரிகை 2006இல் போட்ட மோசமான கணினிச் சரக்குகள் பட்டியலில் இதற்கு நாலாவது இடம். இதற்கு மேல் சொல்லவேண்டாம்.

நமக்கு மட்டும் இதில் வேறொரு கணக்கு இருந்தது. யூனிகோடு தமிழை அடிப்படையிலேயே கையாளத் தெரிந்த முதல் விண்டோஸ், விண்டோஸ் 2000தான். லதா எழுத்துரு அதோடு வந்தது. 98லும் மீயிலும் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறிமுறை. ஊரிலிருந்து தம்பி ஒரு எழுத்துருவில் கடிதம் அனுப்பினால் இங்கே பூச்சி பூச்சியாகத் தெரியும். அமெரிக்கக்காரனுக்குப் புது விண்டோஸ் என்றால் புதுச் சட்டை மாதிரி. வெளியூரில் இருக்கும் தமிழனுக்கோ, வீட்டுக் கடிதம் படிக்க முடியுமா முடியாதா என்ற கேள்வி. அதனால் காத்திருப்பதிலும் நமக்கு நஷ்டம் உண்டு.

2001 அக்டோபர் 25 அன்று எக்ஸ்பி வந்தது. என்.டி.யின் சுவர்கள் கடைசியில் வீட்டுக்கும் கிடைத்தன. எக்ஸ்பியை நாம் இன்று கோயில் கட்டிக் கும்பிடாத குறை. ஆனால் முதல் வருஷம் அதையும் திட்டித்தான் தீர்த்தார்கள். பழைய விளையாட்டு ஓடவில்லை, பழைய மோடத்துக்கு டிரைவர் இல்லை, மெமரி கூடக் கேட்கிறது என்றெல்லாம். நாம் கும்பிடும் எக்ஸ்பி, 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்த பிறகு இருந்த எக்ஸ்பி.

நடுவில் என்ன நடந்தது? புரோகிராம் விழும்போதெல்லாம் ஒரு சின்ன ஜன்னல் வந்து "அறிக்கை அனுப்பவா, வேண்டாமா" என்று கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? டயல்-அப் காலத்தில் நம்மில் பாதிப் பேர் "வேண்டாம்" அமுக்கினோம். அனுப்பினவர்கள் எத்தனையோ லட்சம். அந்த அறிக்கைகளைப் பார்த்த ஸ்டீவ் பால்மர், ஒரு சதவீத ஓட்டைகளே பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் என்று 2002இல் எழுதினார். எதை முதலில் அடைக்கவேண்டும் என்று அவர்களுக்குக் காட்டியது விழுந்தவர்களின் பொட்டிகள்தான்.

விஸ்டா கட்டிய சந்தா

ஐந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா வீடுகளுக்கு வந்தது. டிஸ்ப்ளே டிரைவர் எழுதும் முறையையே மாற்றியிருந்தார்கள், சவுண்ட் ஏற்பாட்டையும் மாற்றினார்கள். நோக்கம் நல்லது: சாவிக்காரர்களில் சிலரைக் கூடத்துக்கு அனுப்புவது, அவர்கள் விழுந்தாலும் வீடு விழாமல் இருக்க. ஆனால் டிரைவர் எழுதுகிறவர்கள் தயாராக இல்லை. தேதி தள்ளித் தள்ளிப் போனதில், இது வரும் என்றே பலர் நம்பவில்லை.

2007 ஏப்ரலிலேயே, வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டதால், டெல் கம்பெனி வீட்டுப் பொட்டிகளில் மறுபடி எக்ஸ்பி கொடுக்க ஆரம்பித்தது. விஸ்டா ஓடும் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற பொட்டிகளில் முழு விஸ்டா ஓடவில்லை என்று அமெரிக்காவில் வழக்கு நடந்தது. அதில் 2008இல் மைக்ரோசாஃப்ட் அதிகாரிகளின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. துணைத்தலைவர் மைக் நாஷ், 2,100 டாலர் கொடுத்து வாங்கிய மடிக்கணினி வெறும் மின்னஞ்சல் பொட்டி ஆகிவிட்டதாகப் புலம்பியிருந்தார். இயக்குநர் குழுவில் இருந்த ஜான் ஷெர்லி, தன் பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் டிரைவர் இல்லாததால் ஒரு பொட்டியை விஸ்டாவுக்கு மாற்றப்போவதில்லை என்று எழுதியிருந்தார். முதலாளி வீட்டிலேயே அந்தக் கதி! 2007இல் பதிவான கிராஷ் கணக்கு ஒன்றும் அதில் இருந்தது. 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களால். மைக்ரோசாஃப்டின் சொந்தக் கணக்கில் வந்தது 17.9.

வழக்கு கடைசியில் வலுவிழந்தது. கூட்டு வழக்கு என்ற தகுதியை 2009இல் நீதிபதி எடுத்துவிட்டார்.

அதே 2009, அக்டோபர் 22. விண்டோஸ் 7 வந்தது. உலகமே கொண்டாடியது. உள்ளே பார்த்தால், விஸ்டா கட்டின அதே அடித்தளம். விஸ்டாவின் உள் எண் 6.0, இதன் உள் எண் 6.1. விஸ்டாவுக்கு எழுதின டிரைவர்கள் பெரும்பாலும் இதிலும் ஓடின. இரண்டரை வருஷத்தில் அவை பழுத்திருந்தன. விஸ்டா வாங்கினவர்கள் சந்தா கட்டினார்கள், விருந்து சாப்பிட்டது விண்டோஸ் 7 வாங்கினவர்கள்.

நம் சாஸ்திரத்தின் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. "முதல் சர்வீஸ் பேக் வரட்டும்" என்றால், யாராவது முதலில் விழட்டும் என்று பொருள். எல்லோரும் காத்திருந்தால் சர்வீஸ் பேக்கில் அடைக்க ஓட்டையே தெரிந்திருக்காது.

காத்திருந்தாலும் அடி

இன்னொன்றும் சொல்லவேண்டும். காத்திருப்பது எப்போதும் புத்திசாலித்தனம் இல்லை. 2003 ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் புழு பரவியது. திரையில் அறுபது செகண்ட் எண்ணிவிட்டு எக்ஸ்பி பொட்டிகள் தானாக அணைந்தன. அதற்கான ஒட்டு ஜூலை 16 அன்றே வெளியாகியிருந்தது. 2017 மே மாதம் வான்னாகிரை வந்தபோதும் அதே கதை, மார்ச்சிலேயே ஒட்டு தயார். புது வெர்ஷன் வேறு, பாதுகாப்பு ஒட்டு வேறு. முதலாவதற்குக் காத்திருக்கலாம், இரண்டாவதற்குக் கூடாது. இந்த வித்தியாசம் பல வீடுகளில் யாரும் சொல்லித்தராதது.

பிறகு அந்த வித்தியாசமே மங்கிவிட்டது. விண்டோஸில் கடைசி சர்வீஸ் பேக் 2011 பிப்ரவரியில் விண்டோஸ் 7க்கு வந்தது. 2015 ஜூலை 29 அன்று வந்த விண்டோஸ் 10இல் எல்லாம் தானாக இறங்கும். 2018 அக்டோபர் 2 அன்று வந்த பெரிய அப்டேட், சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. யாருக்கு என்று பாருங்கள். சி டிரைவில் இடமில்லை என்று டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை வேறு டிரைவுக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் கொஞ்சம் விட்டுவைத்தவர்களுக்கு. அந்தப் பழைய இடத்தைத்தான் அப்டேட் துடைத்தது. சி, டி என்று பிரித்து வைக்காத இந்திய வீடு உண்டா? நாலு நாளில் நிறுத்தினார்கள், சரிசெய்து நவம்பர் 13 அன்று மறுபடி விட்டார்கள். முன்கூட்டிச் சோதித்துப் பார்த்த ஆர்வலர்களில் சிலர் இதை முதலிலேயே சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் சிலரே என்பதால் குவியலில் அமுங்கிப்போனது.

விண்டோஸை மட்டும் சொல்வது நியாயமில்லை. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்து வந்தால் ஐபோன் செயலிகள் விழுந்தன. அந்த மாதம் 19ஆம் தேதி ஆப்பிள் சரிசெய்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு சின்ன ஃபைலால் 85 லட்சம் விண்டோஸ் பொட்டிகள் நீலமாயின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயும் விழுந்தது சாவி வைத்திருந்த வெளியாள்தான்.

சரி, அப்பா பொட்டியை என்ன பண்றது?

2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு மேல் கேட்கிறது. பழைய பொட்டியில் குறுக்கு வழியில் அதை ஏற்றி ஊரில் இருப்பவர்கள் தலையில் கட்டாதீர்கள். விழுந்தால் தூக்கிவிட நாம் பக்கத்தில் இல்லை. தகுதியுள்ள பொட்டி என்றால், பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் புது டிரைவர் இருக்கிறதா என்று செய்தவர் தளத்தில் முதலில் பாருங்கள். பெரிய அப்டேட்டைச் சில வாரம் தள்ளிப்போட அமைப்புகளிலேயே வழி இருக்கிறது. மாதாமாதம் வரும் பாதுகாப்பு ஒட்டை அப்படித் தள்ளிக்கொண்டே போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கல்யாணப் படமும் பேரன் பேத்தி படமும் அந்தப் பொட்டியைத் தவிர இன்னொரு இடத்திலும் இருக்கவேண்டும். பாட்டி குரல் பதிவு இருந்தால் அதுவும். விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இவற்றுக்கு சர்வீஸ் பேக் கிடையாது.