ரோஸ்மரினிக் அமிலம்
நீலகிரியின் குளிர்ந்த சரிவுகளில் பயிராகும் ரோஸ்மேரி, தைம் ஆகியவற்றின் இலைகளில் உள்ள இச்சேர்மம், 1958இல் இத்தாலியில் ரோஸ்மேரியிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. காஃபிக் அமிலத்தின் எஸ்டரான இது, உயிரணுக்களைச் சிதைக்கும் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிகல்களை)த் தணிப்பதால் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பியாகவும், ஆய்வக விலங்குகளில் வீக்கத்தைக் குறைத்ததால் அழற்சி எதிர்ப்பியாகவும் கருதப்படுகிறது. இவ்வமிலத்தை ஆய்வகத்திலும் உருவாக்கலாம்: இச்செடிகளின் கிருமி நீக்கிய இலைத்துண்டைச் சர்க்கரையும் தாது உப்புகளும் வளர்ச்சி ஊக்கிகளும் கலந்த அகாரில் வைத்தால், வெட்டுவாயில் கேலஸ் எனப்படும் வெளிர்நிற உயிரணுத் திரள் புடைத்தெழுகிறது. அதை நீர்ம ஊடகத்தில் குலுக்கி வளர்த்தால், மழையையும் உறைபனியையும் சாராமல் அமிலத்தைப் பெறலாம். வியக்கத்தக்க வகையில், கோலியஸ் செடியின் இத்தகைய வளர்ப்பில் அமில அளவு முழுச்செடியில் உள்ளதையும் விஞ்சியது 1977இலேயே அறியப்பட்டது. ஆயினும் ரோஸ்மேரியின் நறுமண எண்ணெய் இத்திரளில் அரிதாகவே கிடைக்கிறது. அதைச் சுரக்கும் இலைமயிர்கள் அங்கு உருவாவதில்லை.