மலையில் ராத்தங்கல்

பீக்கோ ட்ரெயில் போகலாம் என்று கூட்டாளிகளுக்குள் பேச்சு வந்தால், பாதையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "ராவைக்கு எங்க தங்குறது?" என்பதுதான் முதல் கேள்வி. கண்டி ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி நுவரெலியாவில் முடிகிற நடைபாதை. கேட்கத்தானே வேணும்.

அல்ப்ஸ் மலையில் நடப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 1863இல் தொடங்கிய சுவிஸ் மலையேறிகள் சங்கம் அதே ஆண்டிலேயே முதல் குடிலைக் கட்டிவிட்டது. நம்ம பக்கம் அப்படியான குடில் வரிசை இல்லை. ஆனால் நடந்து வருகிறவர் எங்கே படுப்பார் என்ற கேள்வி இங்கேயும் பழசு.

கண்டி இராச்சியத்தில் அதற்கு விடை அம்பலம். தூண், கூரை, உட்காரவும் சாயவும் ஒரு திண்ணை, அவ்வளவுதான். கொழும்பு வீதியில் கடுகண்ணாவையில் ஒன்று இன்னும் நிற்கிறது. பஸ்ஸில் எத்தனையோ தரம் தாண்டியிருப்போம், இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு.

1820களில் கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் வந்தன. அதில் வேலை செய்ய வந்த நம்ம ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காடு பிடித்து நடந்தார்கள். கோப்பி பறிக்கிற காலம் சில மாதம்தான். முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள், அதுவும் நடைதான். 1840களில் அந்தப் பாதையில் கொலராவும் பசியும் தின்ற உயிர்கள் ஏராளம். அரசு கொட்டகையும் கிணறும் ஆஸ்பத்திரியும் போட்டது பிறகுதான். இந்த மலைக்கு வந்த நம்ம முன்னோருக்கு 'ஹட்' என்றால் அந்தக் கொட்டகைதான். ரயில் மாத்தளைக்கு வந்ததே 1880இல்.

தேயிலை வந்தபோது கதை மாறியது. தேயிலையை வருசம் முழுக்கப் பறிக்க வேணும், ஆட்கள் மலையிலேயே இருக்க வேணும். தங்கல் நிரந்தரமானது, பெயர் லயம். சுமார் 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, ஒரு குடும்பம். மேட்டில் துரை பங்களா. அந்த பங்களாக்களில் பல இப்போது சுற்றுலா விடுதி. 'பழைய காலத்தில் வாழ்ந்து பாருங்கள்' என்கிற மாதிரி விளம்பரம் பார்க்கும்போது, யாருடைய பழைய காலம் என்று கேட்கத் தோன்றும்.

சரி, நம்ம திட்டம். முதல் நாள் ஹந்தானை தேயிலை நூதனசாலையில் தொடங்கலாம். 1925இல் கட்டிய தொழிற்சாலை அது. அங்கிருந்து கலஹா. அறை கிடைக்காவிட்டாலும் பயமில்லை, கலஹாவிலிருந்து கண்டிக்கு பஸ் இருக்கு. வீட்டில் படுத்துவிட்டு விடியத் திரும்பி வரலாம். காசு மிச்சம். அட்டைக்கு உப்பு எடுங்கள். லயத்துப் பக்கம் போகையில் கேட்காமல் போன் கமராவைத் தூக்காதீர்கள், அது ஆட்கள் இருக்கிற வீடு. இரண்டாம் நாள் லூல்கந்துர.

அங்கேதான் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்ததாகச் சொல்லும் கல்லாசனம் இருக்கிறது. எல்லாரும் அதில் உட்கார்ந்து படம் எடுப்பார்கள். எடுங்கள். 1892இல் அவர் இறந்தபோது 24 தொழிலாளர்கள் உடலைக் கண்டி மஹய்யாவை மயானம் வரை சுமந்தார்கள். பன்னிரண்டு பேராக இரண்டு குழு, நான்கு மைலுக்கு ஒரு தரம் தோள் மாற்றி. மற்றவர்கள் 'சாமித்துரை' பின்னால் நடந்தார்கள். காலையில் புறப்பட்டு, மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாம் இரண்டு நாளில் ஏறத் திட்டம் போடுகிற மலையை, பிரேதத்தோடு ஒரே பகலில் இறங்கியிருக்கிறார்கள்.

அடக்கம் முடிந்த பிறகு அவர்கள் திரும்பி ஏற வேண்டியதும் அதே மலைதான்.