கணையத்தைக் காட்டிய நிழற்படங்கள்

மனித உடலின் உறுப்புகளுள் கணையத்தைப்போல் மறைந்து கிடப்பது வேறொன்றில்லை எனலாம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், ஏறக்குறைய 6 அங்குல நீளத்தில் அது குறுக்காகப் படுத்திருக்கிறது. வயிற்றை அழுத்திப் பார்க்கும் மருத்துவரின் கைக்கும் அது எளிதில் அகப்படுவதில்லை. உணவைச் செரிக்கச் செய்யும் நீரைச் சுரப்பது அதன் தொழில்களுள் ஒன்று. பித்தக்கல் வழியை அடைத்தாலோ, மது கடுமையாகத் தாக்கினாலோ, குடலுக்குப் போய்ச் சேரவேண்டிய அந்நீர் கணையத்தையே செரிக்கத் தொடங்கிவிடுகிறது. இதுவே திடீர்க் கணைய அழற்சி.

பேராக்கில் ஆயர் தாவார் போன்ற ஊர்களைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில் கள்ளும் சம்சுவும் என்ன பாடு படுத்தின என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குடித்தவன் நள்ளிரவில் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்புறம் வளைந்து துடித்தால், அது குடிகாரன் வலியென்று ஒதுக்கப்படுவதற்கே இடமிருந்தது. மதுவைத் தொட்டறியாத பெண்ணுக்குப் பித்தக்கல்லால் அதே வலி வந்தாலோ, வாயு என்று பெயர். தோட்டத்து டிரெசரிடம் மருந்துக் கலவை இருந்தது. வயிற்றின் உள்ளே பார்க்கும் கண் இல்லை. அவரைக் குறைகூறுவதற்கில்லை. அந்தக் கண் நெடுங்காலம் உலகின் பெருநகரங்களிலும் இல்லை.

இந்நோயை ஒழுங்குபட விவரித்தவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ். ஆண்டு 1889. அவர் ஆராய்ந்தவற்றுள் பெரும்பாலானவை இறந்தோரின் உடல்கள். 1901-ல் யூஜின் ஓப்பி என்பார், சிறியதொரு பித்தக்கல் கணையக் குழாயின் வாயருகே சிக்கியிருந்ததைக் கண்டு காரணத்தைத் துலக்கியதும் பிரேதப் பரிசோதனை மேசையில்தான். நோய் இன்னதென்று தெரியும்போது நோயாளி இல்லை. உயிரோடிருப்பவரிடம் அறிய விரும்பினால் வயிற்றைக் கிழித்துப் பார்க்கவேண்டும்.

1895-ல் ராண்ட்கன் கண்ட எக்ஸ்ரே இந்த இடரைத் தீர்த்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் எலும்பைப் பளிச்சென்று காட்டும் அக்கதிர், மென்மையான கணையத்தைக் காட்டவில்லை. வீங்கிய கணையத்தையொட்டிய குடல் அசைவற்றுக் காற்றால் உப்பி நிற்பது மட்டும் சிலரது படத்தில் தெரியும். பக்கத்து வீட்டின் புகையைக் கண்டு தீயை ஊகிப்பதைப் போன்றது அது. 1908-ல் பெர்லினில் வோல்கெமுத் வகுத்த சோதனை, மாவைச் சிதைக்கும் கணையச் சுரப்பை நோயாளியின் சிறுநீரில் அளந்தது. பல்லாண்டுகள் மருத்துவர்கள் படத்தைவிட அதையே நம்பினர்.

எனினும் அந்த எளிய எக்ஸ்ரே படம் ஓரிடத்தில் வென்றது. அந்த இடம் ஏழைகளின் வயிறு. 1959-ல் ஸைடமா என்னும் மருத்துவர், இந்தோனேசியாவில் ஊட்டமில்லாத நோயாளிகளின் கணையத்தில் சுண்ணம் படிந்திருப்பதை எழுதினார். கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் இத்தகையோரைப் பெருந்தொகையாகக் கண்டு, 1968-ல் கணைய நீரிழிவு பற்றி நூலே இயற்றினார். இது திடீர் அழற்சியன்று. அடிக்கடி வரும் வயிற்றுவலியோடு இளமையில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் முற்றி, நீரிழிவில் கொண்டுவிடும் நாட்பட்ட அழற்சி. படத்தில் முதுகெலும்பின் இருபுறமும் வெண்ணிறக் கற்கள் கொத்தாகத் தெரியும். பிள்ளை பள்ளிக்குப் போகாதிருக்கச் சொல்லும் சாக்கென்று கருதப்பட்ட வலிக்கு அப்படம் சாட்சியாயிற்று.

காரணம் மரவள்ளிக்கிழங்கிலுள்ள நஞ்சு என்று 1979-ல் மக்மில்லனும் கீவர்கீஸும் ஐயுற்றனர். ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளியைத் தின்றே உயிர்பிழைத்த மலாயாத் தமிழர்க்கு இது சற்றுத் திகைப்பூட்டும் செய்தி. ஆனால் எலிகளுக்கு நெடுநாள் மரவள்ளி ஊட்டிச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் பார்த்ததில், கணைய அழற்சியும் வரவில்லை, நீரிழிவும் வரவில்லை. இதனை அவர்கள் 2000-ல் வெளியிட்டனர். பரம்பரைக் கூறுக்கும் இந்நோயில் பங்குண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

திடீர் அழற்சியைக் கண்ணாரக் காண வேறு கருவிகள் வரவேண்டியிருந்தது. ஒலியலைப் படம் பித்தக்கல்லை நன்கு காட்டும். கணையத்தையோ குடற்காற்று மறைத்துவிடும். ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் 1971-ல் லண்டனில் முதன்முதல் ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. சில ஆண்டுகளில் வயிற்றுக்கும் வந்தது. நரம்பு வழியே அயோடின் மருந்தைச் செலுத்தி எடுத்தால், உயிருள்ள கணையம் ஒளிரும். செத்த பகுதி இருண்டு கிடக்கும். நியூயார்க்கில் பால்தஸாரும் குழுவினரும் 1985-ல் இப்படங்களைக் கொண்டு நோயின் கடுமையை ஐந்து படிகளாகப் பிரித்தனர். 1990-ல் செத்த பகுதியின் அளவையும் சேர்த்து 10 புள்ளிகள் கொண்ட அளவுகோல் செய்தனர்.

இத்தனைக்குப் பின்னும் படத்திற்கு முதலிடம் கொடுக்கப்படவில்லை என்பது வியப்பு. 2012-ல் திருத்தப்பட்ட அனைத்துலக வரையறைப்படி, உரிய வலி, இரத்தத்தில் மும்மடங்கேனும் உயர்ந்த கணையச் சுரப்பு, படச் சான்று ஆகிய மூன்றில் இரண்டு போதும். முன்னிரண்டும் பொருந்தினால் நோயை அறியப் படமே வேண்டாம். அன்றியும் செத்த பகுதி முதல் நாளில் தெளிவாகத் தெரிவதில்லை. மூன்று நாள் கழித்தே படம் உண்மை பேசும். ஆயர் தாவாரிலிருந்து நோயாளியை ஈப்போவுக்குக் கொண்டுவரும் உறவினர், "பெரிய ஸ்கேன் எடுக்கவில்லையே" என்று முதல் நாளே மனம் நோகக்கூடும். வேறு நோயோ என்ற ஐயம் இல்லாதவரை, முதல் நாளில் நோயாளிக்கு வேண்டுபவை நரம்பில் ஏற்றும் நீரும், வலிக்கு மருந்தும், பித்தக்கல் உண்டா என்று பார்க்கும் ஒலியலைச் சோதனையுமே.